இளமைத் துகளும் லயத்து அடுப்பும்

மூப்பைத் தள்ளிப்போடும் நானோத் துகள்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் வியப்பு மிகுதி, விசாரணை குறைவு.

கேகாலை மாவட்டத்து றப்பரை எடுத்துக்கொள்வோம். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டுப் பட்டு அது வெடித்துப்போகும். அதனாலேயே ஆலைகளில் ஒட்சியேற்றத் தடுப்பான்களைக் கலக்கிறார்கள். நம் உயிர்க்கலங்களும் ஏறத்தாழ இவ்வாறே, கட்டற்ற மூலிகங்களால் சிதைந்து மூப்படைகின்றன என்று 1956இல் டென்ஹாம் ஹார்மன் எழுதினார். மருத்துவராகுமுன் அவர் எண்ணெய்க் கம்பனி ஒன்றின் இரசாயன ஆய்வாளர்! சீரியம் ஒட்சைட்டுத் துகள் அம்மூலிகங்களை அடக்கியபின் தன் பழைய நிலைக்கு மீண்டு, மறுபடியும் அடக்கவல்லது. ஆய்வுகூடத்தில் இது மெய். மனிதரில் மூப்பு தணிந்ததாக நிறுவப்படவில்லை. 1994இல் பின்லாந்தில் புகைபிடிப்போருக்கு பீற்றா கரோட்டின் என்னும் தடுப்பானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நுரையீரற் புற்றுநோய் கூடியதே தவிரக் குறையவில்லை. நம் கட்டுரையாளர்கள் இதனை மறந்தும் சொல்வதில்லை.

இதனினும் பெரிய மறதி ஒன்றுண்டு. விறகுப் புகையும் உடலுக்குள் கட்டற்ற மூலிகங்களைப் பெருக்குகிறது. இரத்தினபுரித் தோட்டமொன்றில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, லயத்து அடுப்பின்முன் குந்தும் பெண்ணின் உயிர்க்கலங்களுக்கு மூப்பு எங்கிருந்து வருகிறது? தேயிலைக் கொழுந்தின் சாற்றையே 'இளமை காக்கும்' சரக்கென விற்கும் உலகில், அதைப் பறித்தவளின் அடுப்புக்கு ஒரு புகைபோக்கி வேண்டுமென எழுத இவர்களுக்கு ஏன் பேனா எழவில்லை?