நோய்க்கு இட்ட பெயர்

நெதர்லாந்தைச் சேர்ந்த கோட் டீத்ரோன்ட் என்னும் உலோக இசைக்குழு 2006இல் வெளியிட்ட இசைத்தொகுதியில் 'டைபோயிட் மேரி' என்றொரு பாடல் உண்டு. அத்தலைப்பே ஆராயத்தக்கது. அயர்லாந்தில் பிறந்து, நியூயோர்க்கின் செல்வர் இல்லங்களிற் சமைத்துப் பிழைத்தவர் மேரி மலன். தாம் நோயுறாமலே நெருப்புக் காய்ச்சற் கிருமியைச் சுமந்தமையால் 1907இல் தனிமைப்படுத்தப்பட்டார். சமைப்பதில்லையென உறுதிகூறி 1910இல் விடுதலை பெற்றவர், கூலி குறைந்த சலவைத் தொழிலை விட்டு மீண்டும் சமையலுக்குத் திரும்பினார். 1915இற் பிடிபட்டு, 1938இல் இறக்கும்வரை தீவொன்றில் வைக்கப்பட்டார். கிருமிகாவிகள் வேறு பலரும் அன்று இருந்தனர். பழிப்பெயரோ இத்தொழிலாளப் பெண்ணுக்கே நிலைத்தது.

நமது மாரியம்மன் தாலாட்டு நோய்க்கு வேறு பெயர் இடுகின்றது. கொப்புளம் முத்தாகின்றது, முத்தை இட்ட தாயே அதனை இறக்குபவளுமாகின்றாள். இதனால் நோயாளி குற்றவாளியாகவில்லை. ஆயினும் நோயின் சமூகக் காரணங்கள் தெய்வச் சீற்றத்துள் மறைந்தன என்பதும் மறுத்தற்கில்லை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் மரபு நாமறிந்ததே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குடியேற்ற அரசு கதிர்காம யாத்திரிகரைக் கொலராக் காவிகளாகக் கண்டு கட்டுப்படுத்தியது. அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால் யாத்திரிகர் பருகிய நீருக்குப் பொறுப்பாளி யார் என்ற வினாவும் உடனெழவேண்டும்.

எனவே, நோய் பற்றிய பாடலொன்றின் பொருள் காண்போர், அது யாரை அஞ்சச் சொல்கின்றது என்பதோடு யாரை வினவாது விடுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.