சொல்லும் விதியும்: உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கவும் அதற்குத் தீர்வு காணவும் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகளை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. அவ்விதிகள் துன்புறுத்தலை ஒழுக்கச் சிக்கலாக அன்றி அதிகாரச் சிக்கலாகவே காண்கின்றன. தமிழில் வழங்கும் சொற்களும் நிறுவன நடைமுறைகளும் அப்பார்வையைப் பெண்ணின் நடத்தையை நோக்கி மீண்டும் திருப்பிவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வு மாணவர் – நெறியாளர் உறவில் விதிகள் நிறைவு பெறாத இடமும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாலியல் துன்புறுத்தல், உள்ளகப் புகார்க் குழு, பல்கலைக்கழக மானியக் குழு, சொற்பொருள், நெறியாளர், முனைவர் பட்ட ஆய்வு.

முன்னுரை

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு இந்தியாவில் முதன்முதலில் விரிவான வரையறை தந்தது 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பு. அதன் வழிகாட்டுதல்கள் சட்டமாக 16 ஆண்டுகள் ஆயின. 2013இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தைப் பின்பற்றி, மாணவியரையும் பணியாளரையும் ஒருங்கே உள்ளடக்கி, பல்கலைக்கழக மானியக் குழு தன் விதிகளை வகுத்தது. அவை 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. இவ்விதிகளைச் சட்டவியலார் ஆராய்ந்துள்ள அளவிற்கு மொழி நோக்கில் ஆராய்தல் பரவலாகவில்லை. ஒரு செயலுக்கு இடப்படும் பெயரே, அச்செயலுக்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்கிறது. ஆகவே இக்கட்டுரை சொல்லிலிருந்து தொடங்கி விதிக்குச் செல்கிறது.

வழங்கு சொற்களும் அவை மறைப்பனவும்

1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்ததை அடுத்துத் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் என்றே பெயர் பெற்றது. உயிர் பறித்த ஒரு செயல் 'கேலி' என்னும் பொருள்படும் சொல்லால் சுட்டப்பட்டது. முறைமாமன், மைத்துனர் உறவுகளில் கேலி என்பது இசைவுடைய விளையாட்டு. அவ்விளையாட்டின் பெயரை முன்பின் அறியாதவர் இழைக்கும் வன்முறைக்கு இடும்போது, அதனைப் பொறுத்துக்கொள்ளும் கடமை பெண்ணின்மேல் விழுகிறது. பின்னர் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அச்சட்டத்தின் பெயரில் 'துன்புறுத்தல்' என்னும் சொல் இடம்பெற்றது. ஆயினும் 'சீண்டல்', 'தொல்லை' ஆகியன செய்தித்தாள்களிலும் பேச்சிலும் இன்றும் நீடிக்கின்றன. கொசுவுக்கும் கடனுக்கும் வழங்கும் 'தொல்லை' என்னும் சொல், சகித்துக் கடக்க வேண்டிய ஒன்றையே குறிக்கிறது.

'கற்பழிப்பு' என்பது இதன் மறுமுனை. தொல்காப்பியத்தில் களவியலை அடுத்து வரும் கற்பியல் மணவாழ்க்கையைப் பேசுவது. பிற்காலத்தில் கற்பு என்பது பெண்ணின் உடல்தூய்மையாகக் குறுகிய பின்னரே 'கற்பழிப்பு' பொருள்படுகிறது. இழைத்தவனின் குற்றத்தை விட இழந்தவளின் இழப்பையே அச்சொல் முன்னிறுத்துகிறது. 'மானபங்கம்' என்பதும் அத்தகையதே. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் பெண்ணின் நாணத்தை மையமிட்டு அமைத்த வரையறையை 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவும் 74ஆம் பிரிவில் தக்கவைத்துள்ளது. அடுத்த 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைத் தனிக் குற்றமாக்குகிறது. நாணம் என்னும் பழைய அளவுகோலும் விருப்பமின்மை என்னும் புதிய அளவுகோலும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

'துன்புறுத்தல்' என்னும் சொல் இவற்றினின்று இலக்கண அடிப்படையிலேயே வேறுபடுகிறது. 'துன்புறு' தன்வினை, 'துன்புறுத்து' பிறவினை. பிறவினைக்கு வினைமுதல் ஒருவர் வேண்டும். இச்சொல்லைப் பயன்படுத்திய உடனேயே 'துன்புறுத்தியவர் யார்' என்னும் வினா எழுகிறது. எனினும் 'மாணவி துன்புறுத்தலுக்கு ஆளானார்' என்று எழுதும்போது அவ்வினைமுதல் மீண்டும் தொடரிலிருந்து மறைந்துவிடுகிறது.

விதிகளின் பார்வை: ஒழுக்கமன்று, அதிகாரம்

2015ஆம் ஆண்டு விதிகளின் சிறப்பு, வினைமுதலை அவை மறைப்பதில்லை என்பதாகும். விரும்பத்தகாத நடத்தை, அச்சுறுத்தும் சூழல், சலுகை அல்லது பாதிப்புப் பற்றிய வாக்குறுதியும் மிரட்டலும் ஆகியன அவற்றின் வரையறையில் இடம்பெறுகின்றன. களப்பணி, கல்விச் சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, நிறுவனப் போக்குவரத்து ஆகியவையும் வளாகத்தின் நீட்சியாகக் கொள்ளப்படுகின்றன. மாணவர் சிலரும் மூன்றாம் பாலினத்தவரும்கூடப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர் என்பது ஏற்கப்படுகிறது.

உள்ளகப் புகார்க் குழுவின் அமைப்பிலும் இப்பார்வை வெளிப்படுகிறது. துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத்தலைவர் ஆகியோர் குழுவில் உறுப்பினராக இயலாது. மாணவர் தொடர்பான புகார்களில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை மாணவர் மூவர், வெளிப்படையான தேர்தல் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டு இடம்பெற வேண்டும். நிர்வாகத்தின் நிழலில் குழு இயங்கலாகாது என்பதே இதன் உட்கிடை. பெயர்ப் பலகையில் குழுவின் பட்டியலை ஒட்டுவதோடு கடமை முடிந்ததாகக் கருதும் நிறுவனம், இத்தேர்தலை நடத்தியதா என்பதே அதன் நேர்மையை அளக்கும் கோல்.

தடுப்பு: பாதுகாப்பா, கட்டுப்பாடா?

மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதிக்கு விதிக்கலாகாது என விதிகள் வெளிப்படையாகக் கூறுகின்றன. ஆனால் வளாகத்தில் ஒரு குற்றம் நிகழ்ந்தால் முதலில் மாறுவது பெரும்பாலும் மாணவியர் விடுதியின் கதவடைப்பு நேரமே. கெட்டுப்போன பூட்டை விட்டுவிட்டு, வீட்டிலிருப்பவரை அடைத்துவைப்பதற்கு இது ஒப்பாகும். துன்புறுத்துபவரின் நடத்தையைத் திருத்த வேண்டிய தடுப்பு, துன்புறுவோரின் நடமாட்டத்தைக் குறைப்பதாக மாறுகிறது.

எதிர்வினை: இரு வழக்குகள் உணர்த்துவன

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர்மீது நிகழ்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், பாதிக்கப்பட்டவரின் விவரங்களடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அவ்வறிக்கையின் மொழி பாதிக்கப்பட்டவரையே பழிப்பதாக அமைந்திருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. பெண் அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததுடன், இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாய் வழங்கவும் அரசுக்கு ஆணையிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூன் மாதம், தண்டனைக் குறைப்பின்றி 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஓர் ஆவணத்தின் மொழி நடையே பாதிக்கப்பட்டவருக்கு மற்றொரு தீங்காக அமையக்கூடும் என்பது இவ்வழக்கில் நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தது. இங்குக் குற்றவாளி வளாகத்திற்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதும் கருதத்தக்கது. வெளியாரைத் தடுக்க மதிலும் கண்காணிப்புக் கருவியும் உதவலாம். மதிப்பெண்ணையும் பட்டத்தையும் கையில் வைத்திருக்கும் உள்ளாரை அவை தடுப்பதில்லை.

கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர்மீது 2009இல் மாணவியர் அளித்த புகார்கள் இவ்வகையின. விசாரணைக்குப்பின் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் குழு அவசரகதியில் விசாரித்து, எதிர்த்தரப்புக்கு உரிய வாய்ப்பளிக்கவில்லை எனக் கண்ட உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் அம்முடிவை நீக்கி, வழக்கை மீண்டும் குழுவிடமே அனுப்பியது. புகார் அளித்தவர்களுக்கு 14 ஆண்டுகள் கழிந்தும் முடிவு கிட்டவில்லை. எதிர்த்தரப்பின் உரிமையைக் காப்பது புகார்தாரருக்கு எதிரானது எனக் கருதுவோர்க்கு இவ்வழக்கு விடையளிக்கிறது. நடைமுறை பிழைபட்டால் முதலில் இழப்பவர் புகார்தாரரே.

நெறியாளர் உறவு: நிறைவு பெறாத இடம்

ஆய்வு மாணவர் மிகுந்த பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர் என்பதனை உணர்ந்து, ஆய்வு நெறியாள்கைக்கான அறநெறிகளை நிறுவனங்கள் வகுக்க வேண்டும் என விதிகள் கூறுகின்றன. விசாரணைக் காலத்தில் எதிர்த்தரப்பினர் புகார்தாரரின் பணியை மதிப்பிடுவதைத் தடுக்கவும் இடமளிக்கின்றன. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் மூன்று இடைவெளிகள் எஞ்சுகின்றன.

முதலாவது, காலவரம்பு. நிகழ்வு நடந்த, தொடர் நிகழ்வாயின் இறுதியாக நடந்த, நாளிலிருந்து 3 மாதத்திற்குள் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். முனைவர் பட்ட ஆய்வின் குறைந்தபட்சக் காலமோ 3 ஆண்டுகள். முதலாம் ஆண்டில் துன்புறுத்தப்பட்டு, வாய்மொழித் தேர்வு முடியும்வரை வாய்திறக்க இயலாத மாணவிக்கு இவ்வரம்பு கதவடைப்பாகிறது.

இரண்டாவது, மாற்று நெறியாளர். மதிப்பிடுவதினின்று நெறியாளரை விலக்கிய பின் ஆய்வேட்டில் யார் கையொப்பமிடுவர் என்பதனை விதிகள் கூறவில்லை. துறையில் அப்பொருண்மையில் வல்லவர் ஒருவரே இருப்பின், புகார் அளிப்பது ஆய்வையே கைவிடுவதாக முடியலாம்.

மூன்றாவது, இடமாற்றம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர் தம் ஆய்வுத் தரவுகளுடன் வேறு நிறுவனத்திற்கு மாறலாம் என 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட ஒழுங்குமுறை விதிகள் அனுமதிக்கின்றன. அங்குப் பெயரிட்டுச் சொல்லத்தக்க காரணமாகத் திருமணம் அமைகிறது. துன்புறுத்தலோ 'வேறு காரணம்' என்பதனுள் மறைந்து நிற்கிறது.

முடிவுரை

2015ஆம் ஆண்டு விதிகள் துன்புறுத்தலை அதிகாரத்தின் பிழையாகக் கண்டன. பழகிய சொற்களும் கதவடைப்பு நேரங்களும் அதனைப் பெண்ணின் பிழையாக மீண்டும் மாற்றுகின்றன. இதனைக் களைய, விதிகளின் வரையறைகளைத் தெளிந்த தமிழில் ஒவ்வொரு துறையிலும் வழங்குதல், குழுவின் மாணவர் உறுப்பினரைத் தேர்தல்வழி அமர்த்துதல், நெறியாளர்மீதான புகார்களில் நெறியாள்கை முடிந்த நாளிலிருந்து காலவரம்பைக் கணக்கிடுதல், புகார் ஏற்கப்பட்டவுடன் மாற்று நெறியாளரைத் தாமாகவே அமர்த்தும் விதியை உருவாக்குதல் ஆகியன தேவை. முதலிரண்டும் இன்றைய விதிகளின் வரம்பிற்குள்ளேயே இயல்வன. பின்னிரண்டிற்கு விதித்திருத்தம் வேண்டும். சொல்லைத் திருத்தும் பணியில் தமிழ்த்துறைகளுக்கு நேரடிப் பங்கு உண்டு. தமிழ்த்துறைகள் எழுதும் சுற்றறிக்கைகளில் 'துன்புறுத்தல்' என்னும் சொல்லும் அதன் வினைமுதலும் மறையாது நிற்றல் அதற்குத் தொடக்கமாக அமையும்.