தொட்டியின் பக்கத்தில் நிற்பவள்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழமொழியை அதன் கடைசி எல்லைவரை இழுத்துப்போனால் என்ன கிடைக்கும்? உடம்பைக் கழித்துவிட்டு, மூளையை மட்டும் ஒரு தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாம் என்கிற கனவு கிடைக்கும். அறிவியலும் புனைகதையும் நூறு ஆண்டுகளாக இந்தக் கனவைக் கண்டுவருகின்றன. அந்தக் கதைகளை வாசிக்கும்போது என் கண் தொட்டிக்குள் இருக்கும் மூளைமேல் நிற்பதில்லை. பக்கத்தில் நிற்பவள்மேல்தான் போகிறது. இந்தக் கட்டுரை அவளைப் பற்றியது.

முதலில் அறிவியல். 1928இல் சோவியத் மருத்துவர் செர்கேய் பிரியுகோனென்கோ, வெட்டி எடுத்த நாயின் தலையைத் தான் உருவாக்கிய இரத்தம் செலுத்தும் கருவியோடு இணைத்து, அது தூண்டல்களுக்கு அசைவதைக் காட்டினார். 1960களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராபர்ட் வைட், குரங்கின் மூளையைத் தனியே எடுத்து, குழாய்கள்வழி இரத்தம் செலுத்தி, அதன் மின்னலைகளைப் பதிவுசெய்தார். 1970இல் ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடலில் பொருத்தினார். தண்டுவடத்தை இணைக்க முடியாததால் அந்த உடல் தலைக்குக் கட்டுப்படவே இல்லை. 2019இல் யேல் பல்கலைக்கழகத்தில் நேனாத் செஸ்தானின் குழு, இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த பன்றி மூளைகளில், பன்றிகள் இறந்து நான்கு மணி நேரம் கழித்து, ஒரு திரவத்தை ஆறு மணி நேரம் செலுத்தியது. செல்கள் பலவற்றின் செயல்பாடு மீண்டது. உணர்வு இருப்பதைக் காட்டும் மின்செயல்பாடு தென்படவில்லை. தென்பட்டால் உடனே நிறுத்திவிட ஆய்வாளர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் ஒன்று பொது. இதயத்துக்குப் பதில் ஒரு பம்பு வேண்டும். நுரையீரலுக்குப் பதில் ஆக்சிஜன் கலக்கும் கருவி வேண்டும். திரவத்தைச் சுத்தம்செய்ய வேண்டும், சூட்டைச் சரியாக வைக்க வேண்டும். உடம்பைக் கழித்துவிட்டோம் என்று சொல்லும் சோதனை, உடம்பு சத்தமில்லாமல் செய்துவந்த வேலை ஒவ்வொன்றையும் ஆள்வைத்துச் செய்துகொண்டிருக்கிறது. தத்துவத்துக்கு வந்தால் இந்த வேலையும் மறைந்துவிடும். 1981இல் ஹிலரி புட்னம், தொட்டியில் வைத்த மூளைக்குத் தான் தொட்டியில் இருப்பது தெரியுமா என்று ஒரு புகழ்பெற்ற கேள்வியை ஆராய்ந்தார். நல்ல கேள்விதான். ஆனால் தொட்டியின் திரவத்தை மாற்றுவது யார் என்பது அங்கே கேள்வியாகவே வரவில்லை.

கதைகளில் அந்த ஆள் இருக்கிறாள். அலெக்சாந்தர் பெல்யாயேவ் 1925இல் சிறுகதையாக எழுதி, பின்னர் நாவலாக விரித்த ‘பேராசிரியர் டோவலின் தலை’யை எடுத்துக்கொள்வோம். டாக்டர் கெர்ன் தன் குருவின் தலையை உயிரோடு வைத்துக்கொண்டு, அதன் அறிவைத் தன் கண்டுபிடிப்பாகக் காட்டிக்கொள்கிறார். தலையைப் பார்த்துக்கொள்ள மாரி லோரான் என்ற இளம்பெண்ணை வேலைக்கு வைக்கிறார். ஒரு குழாயை மட்டும் திறக்கக் கூடாது என்பது அவளுக்கு இடப்பட்ட கட்டளை. தலையின் கண்கள் கெஞ்சுகின்றன. ஒருநாள் அவள் திறக்கிறாள். தொண்டை வழியே காற்று போகிறது, தலை பேசுகிறது. உலகப் புகழ்பெற்ற அறிஞரின் குரல், சம்பளத்துக்கு வந்த ஒரு பெண்ணின் விரலில் இருந்திருக்கிறது. உண்மையைத் தெரிந்துகொண்ட அவளைக் கெர்ன் என்ன செய்கிறார்? மனநல விடுதியில் அடைக்கிறார். அதிகம் தெரிந்துகொண்ட பெண்ணுக்குப் பைத்தியம் என்று பெயர் சூட்டுவது நமக்கும் புதிதில்லை.

அதே நாவலில் பிரிகே என்ற மேடைப் பாடகியின் தலையும் உண்டு. டோவலின் தலை ஆராய்ச்சி செய்கிறது; பிரிகேயின் தலை தனக்கு ஓர் உடம்பு வேண்டுமென்று கேட்கிறது. விபத்தில் இறந்த இன்னொரு பெண்ணின் உடலைப் பொருத்துகிறார்கள். ஆணின் தலை என்றால் அறிவு, பெண்ணின் தலை என்றால் உடம்பைத் தேடும் அழகு. பெண்களின் உடம்புகள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய பண்டங்கள். இந்தப் பிரிவினையை அமெரிக்கப் படமான ‘சாக மறுத்த மூளை’ (1962) வெட்கமில்லாமல் செய்கிறது. கார் விபத்தில் இறந்த காதலியின் தலையை ஒரு தட்டில் வைத்து உயிரூட்டும் மருத்துவர், அவளுக்கு ‘நல்ல’ உடம்பு தேடி நடன விடுதிகளுக்கும் அழகிப்போட்டிக்கும் போகிறார். தட்டில் இருக்கும் ஜேன், என்னைச் சாகவிடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவள் வாயில் அவர் பிளாஸ்திரி ஒட்டுகிறார். படம் மட்டமானதுதான். ஆனால் காதல் என்ற பெயரில் ஒரு பெண்ணின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பதை இத்தனை நேரடியாகக் காட்டிய உயர்ந்த படங்கள் குறைவு.

ரோல்ட் டாலின் ‘வில்லியமும் மேரியும்’ நமக்குப் பிடித்துப்போகும் கதை. 1960இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. வில்லியம் ஆக்ஸ்போர்டு தத்துவவாதி. மனைவி புகைபிடிக்கக் கூடாது, தொலைக்காட்சி வாங்கக் கூடாது என்று சாகும் முன்பும் எழுதிவைப்பவர். செத்த பிறகு அவருடைய மூளையும் ஒற்றைக் கண்ணும் ஒரு பாத்திரத்தில் மிதக்கின்றன. மேரி வந்து பார்க்கிறாள். அந்தக் கண்ணுக்கு முன்னால் சிகரெட் பற்றவைக்கிறாள். கண்மணி சுருங்குகிறது. அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறாள்.

இதை ஒரு மனைவியின் பழிவாங்கல் என்று ரசிப்பது சுலபம். நானும் முதல் வாசிப்பில் சிரித்தேன். மறுபடி வாசித்தபோது வேறொன்று உறுத்தியது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்தப் பாத்திரத்தைப் பராமரிக்கப்போவது யார்? அவளுடைய விடுதலைகூட, கணவனுக்கு இன்னொரு முறை பணிவிடை செய்யும் வடிவத்தில்தான் டாலுக்குக் கற்பனையாகிறது.

இந்த வரிசையிலிருந்து விலகி நிற்பது, சி. எல். மூர் என்ற பெயரில் எழுதிய காதரின் லூசில் மூரின் 1944ஆம் ஆண்டுக் கதை. தீவிபத்தில் உடலை இழந்த நடனக்காரி டெய்ட்ரேயின் மூளை ஓர் உலோக உடலுக்குள் வைக்கப்படுகிறது. அதைச் செய்த மால்ட்சர், அவள் இழந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் குமைகிறார்: தொடுகை, மணம், சுவை, பெண்மை. அவளோ யாரிடமும் அனுமதி கேட்காமல் மேடை ஏறி ஆடுகிறாள். அவளைக் காப்பாற்றியதாக நினைப்பவர் சாகத் துணியும்போது, அவரைக் காப்பாற்றுவது அவள். ஆனாலும் கதை முழுவதும் அவளை ஓர் ஆணின் கண்வழியாகவே பார்க்கிறோம். அவளுக்குள் இருந்து உலகம் எப்படித் தெரிகிறது என்பதை அவள் சொல்லும் அளவுக்குத்தான் அறிகிறோம். மனிதர்களிடமிருந்து விலகிப்போய்விடுவோமோ என்ற அவளது பயத்தை மூர் மறைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையை நம்புகிறேன்.

இவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் கட்டில் நினைவுக்கு வரும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பக்கவாதத்தில் படுத்தபோது மருத்துவர், “புத்தி தெளிவா இருக்கு. உடம்ப மட்டும் பாத்துக்குங்க” என்றார். அந்த ‘மட்டும்’ இரண்டு வருடம் நீடித்தது. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப்போடுவது, குழாயில் கஞ்சி ஊற்றுவது, துணி மாற்றுவது எல்லாம் பெரியம்மா. பார்க்க வந்தவர்கள், கண்ணசைவிலேயே எல்லாம் சொல்லிவிடுகிறாரே, என்ன மூளை என்று வியந்துவிட்டுப் போனார்கள். அந்தக் கண்ணசைவைச் சொற்களாக்கி அவர்களுக்குச் சொன்னதும் பெரியம்மாதான். மாரி திறந்த குழாய் போல.

உடம்பில்லாத மூளை என்று ஒன்று இல்லை என்பதைத்தான் இந்தக் கதைகள், எழுதியவர்கள் நினைத்தோ நினைக்காமலோ, சொல்கின்றன. ஒரு மூளை தன் உடம்பை விட்டு வந்தால், இன்னொருவரின் உடம்பை எடுத்துக்கொள்கிறது: அவள் கையை, முதுகை, தூக்கத்தை. வகுப்பில் தொட்டி மூளையைப் பற்றிப் படிக்கும் மாணவிகள் புட்னமின் கேள்வியோடு இதையும் சேர்த்துக் கேட்கட்டும்: அந்த அறையில் இன்னும் யார் இருக்கிறார்? அவருக்கு எத்தனை மணிக்கு வேலை முடியும்?

பெரியப்பா போன பிறகு பெரியம்மாவின் முழங்கால் வீங்கிக் கிடந்தது. அவர் கண்ணால் சொன்னதை நீங்கள் எங்களுக்குச் சொன்னீர்கள், நீங்கள் சொல்ல நினைத்தது என்ன என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும்போது அவரும் இல்லை.