வரிகளுக்கிடையே பென்சில்

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கிய வகுப்பு நீண்ட காலம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்தது. பேராசிரியர் ஒரு மாணவரைக் கூப்பிடுவார். மாணவர் நாவலில் ஒரு பத்தியை வாசித்துவிட்டு, அதையே ஜப்பானிய மொழியில் சொல்லுவார். பேராசிரியர் திருத்துவார். மற்றவர்கள் அந்தத் திருத்தத்தை அச்சிட்ட வரிகளுக்கிடையே பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். வகுப்பு முடிவதற்குள் சில பக்கங்கள் நகர்ந்தால் பெரிது. இந்த முறைக்கு ‘யாகுதொகு’ என்று பெயர், மொழிபெயர்த்து வாசித்தல்.

இது ஆங்கிலத்துக்கென்று பிறந்த முறை அல்ல. பழஞ்சீன நூல்களை ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் படித்தார்கள். எழுத்துகளின் ஓரத்தில் சிறு குறிகளை இட்டு, எதை முன்னே, எதைப் பின்னே வாசிப்பது என்று காட்டி, சீன வாக்கியத்தையே ஜப்பானிய வாக்கியமாக்கிவிடுவார்கள். மெய்ஜி காலத்தில் ஆங்கிலப் புத்தகம் வந்து சேர்ந்தபோது அதே பழக்கம் அதற்கும் தொடர்ந்தது. தமிழருக்கு இதன் சூட்சுமம் சட்டென்று பிடிபடும். ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதை ஜப்பானிய மொழியில் ‘வதாஷி கா கினோ கத்தா ஹொன்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான். ஆங்கிலத்தில் புத்தகம் முதலிலேயே வந்துவிடும். பிறகு நான், வாங்கினேன், நேற்று. மாணவர் அந்தச் சொற்களுக்குக் கீழே 4, 1, 3, 2 என்று எண் போட்டு, பின்னாலிருந்து முன்னால் ஏறி வருவார்.

முறையின் கேடும் இங்கேதான் இருக்கிறது. கண் பின்னோக்கி ஏறலாம், காதால் முடியாது. எதிரே பேசுகிறவர் நாம் எண் போட்டு முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. நான்கு ஆண்டு நாவல் படித்த பட்டதாரி ஒரு வெளிநாட்டுக்காரரின் எளிய கேள்விக்குத் திணறுவது ஜப்பானில் பழைய குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டென்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பு சரியென்று ஆனதும் பாடம் முடிந்துவிடுகிறது. இந்தப் பாத்திரம் ஏன் பொய் சொல்கிறது, இந்த வரி ஏன் இங்கே குட்டையாக நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பேராசிரியரின் வாக்கியம் விடைத்தாளாகிவிடுகிறது.

ஆனாலும் அந்த மெதுவான வாசிப்பை நான் மதிக்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று ஒரே எழுத்தில் முடிந்துபோகும் ‘நான்’ ஜப்பானிய மொழியில் வதாஷி, போகு, ஒரே, வாகஹாய் என்று பலவாகப் பிரியும். பேசுபவர் ஆணா பெண்ணா, பணிவானவரா, முரடரா, பெருமை அடித்துக்கொள்பவரா என்று முடிவு செய்யாமல் முதல் சொல்லையே எழுத முடியாது. பத்தொன்பது வயது மாணவர் ஒரு சொல்லில் நின்று, கதைசொல்லி யார் என்று யோசித்தே ஆக வேண்டும். இங்கிலாந்து மாணவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1905இல் வெளிவரத் தொடங்கிய ஒரு நாவலில் ஒரு பூனை தன்னை ‘வாகஹாய்’ என்று சொல்லிக்கொள்கிறது. அந்த ஒரு சொல்லிலேயே அதன் மிடுக்கு முழுதும் தெரிந்துவிடும். எழுதிய நட்சுமே சொசெகி அப்போது தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தார்.

சொசெகியின் அனுபவத்தில் நமக்கு வேறொரு பாடமும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வொர்த் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு போன்றவற்றைத் தேர்வில் கேட்டார்கள் என்றும், மூன்றாண்டு படித்தும் இலக்கியம் என்றால் என்னவென்று விளங்கவில்லை என்றும் 1914ஆம் ஆண்டு உரையொன்றில் அவர் வருந்தினார். அந்தக் கேள்விகளைக் கேட்டவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஆங்கிலம் தாய்மொழியானவர் ஆங்கிலத்திலேயே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் 1896 முதல் 1903 வரை கற்பித்த லாஃப்காடியோ ஹெர்னும் ஆங்கிலத்தில்தான் பேசினார். எளிய சொற்களில், மாணவர்கள் எழுதிக்கொள்ளும்படி நிதானமாக, ஒரு கவிதை மனத்தை என்ன செய்கிறது என்று பேசினார். அவர் மறைந்த பிறகு அந்த மாணவர்களின் குறிப்பேடுகளிலிருந்தே அவருடைய விரிவுரைகள் நூல்களாயின. வகுப்பு எந்த மொழியில் நடந்தது என்பதல்ல, சொல்வதற்கு என்ன இருந்தது என்பதே அந்த ஸ்காட்லாந்துக்காரருக்கும் ஹெர்னுக்கும் உள்ள வித்தியாசம்.

1970களின் நடுவில் இந்த விவாதம் பொதுவெளிக்கு வந்தது. எல்லோரும் ஆங்கிலம் படித்துப் பயனில்லை, மக்களில் சுமார் 5 சதவீதம் பேர் அதை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும் என்றார் அரசியல்வாதி ஹிராய்சுமி வதாரு. அயல்மொழி நூலோடு மல்லுக்கட்டுவதே அறிவுப் பயிற்சி என்று எதிர்வாதம் செய்தார் ஆங்கிலப் பேராசிரியர் வதனாபே ஷொய்ச்சி. இருவரும் பாதி சரி. ஆனால் 1991இல் பல்கலைக்கழகப் பாடத்திட்ட விதிகள் தளர்ந்த பிறகு நடந்தது வேறு. பல இடங்களில் ஆங்கில இலக்கியத் துறையின் பெயரில் ‘தொடர்பாடல்’ புகுந்தது. டோயிக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணுக்குப் பாட மதிப்பு கிடைத்தது. நாவலை எடுத்துவிட்டு அலுவலக மின்னஞ்சல் மாதிரிகளைக் கையில் கொடுத்தால் மாணவருக்குப் பேச்சு வரலாம்; பேசுவதற்கு விஷயம் எங்கிருந்து வரும்? வேகத்தைக் கூட்டினார்களே தவிர, மொழிபெயர்த்து முடித்ததும் எழ வேண்டிய கேள்வியை இந்த மாற்றமும் வகுப்புக்குள் கொண்டுவரவில்லை.

அந்தக் கேள்வியை எழவிட்டவர் ஒருவர் முன்பு ஜப்பானிலேயே இருந்தார். சுபோஉச்சி ஷொயோ மாணவராக இருந்தபோது ஹாம்லெட்டின் தாயைப் பற்றிய தேர்வுக் கேள்விக்கு நன்மை தீமைத் தீர்ப்பு எழுதிக் குறைந்த மதிப்பெண் வாங்கினார். பாத்திரத்தை ஆராய்வது என்றால் என்ன என்று அந்த அடிதான் அவரைத் தேட வைத்தது. பின்னாளில் வசேதா பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரை நடத்தியபோது பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றி உரக்க வாசித்தார். ஷேக்ஸ்பியர் முழுவதையும் ஜப்பானிய மொழியில் பெயர்த்து 1928இல் முடித்தார். அவருக்கும் பென்சில் வேண்டியிருந்தது. ஆனால் வரி நடிகரின் வாயில் நிற்கும்வரை அவருக்கு வேலை முடியவில்லை. அதே 1928இல் அவரைப் போற்றி வசேதா வளாகத்தில் கட்டிய நாடக அருங்காட்சியகம் எலிசபெத் காலத்து ஃபார்ச்சூன் அரங்கின் சாயலில் நிற்கிறது. அதன் முகப்பே ஒரு மேடை.