ஓர் அம்பில் ஐந்து

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி செம்மேடு போனால், அங்கே வல்வில் ஓரி சிலையாக நிற்கிறார். ஆடிப்பெருக்கை ஒட்டி அவருக்கு விழாவே எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியதுதான். புறநானூற்று 152-வது பாட்டில் வன்பரணர் காட்டும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு... ஐந்தும் ஒரே அம்பில் காலி!

நம்ம ஊர்க் கணவன்மார்களில் முக்கால்வாசிப் பேர் ஓரி வம்சம்தான். "மனசே சரியில்லைங்க" என்று அவள் ஆரம்பித்தாலே போதும், இவர் கை அம்பறாத்தூணிக்குப் போய்விடும். டாக்டரைப் பார்க்கலாமா, லீவு போடேன், உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்... அவள் கேட்டதென்னவோ பக்கத்தில் ஒரு பத்து நிமிஷம்.

இந்த வியாதியை மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) அளவுக்குப் புட்டுப்புட்டு வைத்த தமிழ்ப்படம் வேறு எதுவும் என் ஞாபகத்தில் இல்லை. ஆனால், நாம் அதை கார்த்திக்கின் குறும்புக்காகவும் இளையராஜாவுக்காகவும் கொண்டாடிவிட்டு, மோகனை 'தங்கமான மனுஷன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டோம். தங்கம்தான், யார் இல்லை என்றது? டெல்லிக்கு வந்த புதுப் பெண்டாட்டியிடம் என்ன பரிசு வேண்டும் என்கிறார். விவாகரத்து என்கிறாள். சரியென்று வக்கீலிடம் போய்விடுகிறார். ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லிச் சட்டம் குறுக்கே வராவிட்டால் படம் இடைவேளை வரை தாங்கியிருக்காது!

பிறகு மோகன் அடிபட்டுப் படுக்கிறார். ரேவதி எதையும் தீர்த்து வைக்கவில்லை. கூடவே இருக்கிறார். காதல் அங்கேதான் வருகிறது. மோகனோ மறுபடி வில்லை எடுக்கிறார். சென்னைக்கு டிக்கெட், ஸ்டேஷனில் கையில் விவாகரத்துப் பத்திரம். கேட்டது கிடைத்துவிட்டது, கணக்கு நேர். பி.காம். படித்தவன் சொல்கிறேன், பற்றும் வரவும் அவ்வளவு சுத்தமாக டாலி ஆகிற அந்த இடத்தில்தான் ரேவதி உடைந்து, பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறார்.

எனக்கு ஒரே குறை, அடுத்து வருவது. மோகன் ஓடிப்போய் ஏறி, செயினைப் பிடித்து இழுத்து ரயிலை நிறுத்துகிறார். தியேட்டரில் விசில் பறந்திருக்கும். எனக்கென்னவோ அதுவும் இன்னொரு அம்புதான். ஏறிய மனுஷன் பேசாமல் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சென்னை வரை போயிருந்தால்?

எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க, ஓரியின் அதே கொல்லிமலையைச் சொல்லும் குறுந்தொகை 89-க்கு வாருங்கள். பரணர் பாட்டு. பட்டிமன்றப் பேச்சாளர்கள் கொல்லிப்பாவைக்குச் சாட்சியாக இதை இழுத்துவிட்டு, பேசுகிற தோழியை அம்போவென்று விட்டுவிடுவார்கள். உரல் குத்தும்போது பாடுகிற பாட்டுக்கும் ஊர் வம்பு பேசுகிறது. தோழி வம்பை நிறுத்த வழி சொல்லவில்லை, பஞ்சாயத்துக்கும் போகவில்லை. இந்த அசட்டு ஊருக்காக நாம எதுக்கு வருந்தணும், கொல்லிப்பாவை மாதிரி இருக்கிற இந்தச் சின்னப்பொண்ணு பாடினா, குத்தினா, அவ்வளவுதானே என்கிறாள். பாட்டு முடிகிறது. ஊர் வாய் ஊர் வாயாகவே இருக்கிறது. உரல் பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.