மறைந்து நின்ற ஆலயமும் எழுந்து நின்ற குவிமாடமும்

வியன்னா நகரின் ஸைட்டன்ஸ்டெட்டன் தெருவில் செல்பவர், அங்கே ஒரு யூத ஆலயம் இருப்பதை எளிதில் அறியமாட்டார். 1826இல் திறக்கப்பட்ட அந்த நகர ஆலயத்தினுள்ளே கட்டடக்கலைஞர் யோசப் கோர்ன்ஹொய்சல் எழிலார்ந்த நீள்வட்ட மண்டபத்தையும் குவிமாடத்தையும் அமைத்தார். வெளியே தெரிவனவோ குடியிருப்புக் கட்டடங்களே. இது கலைஞரின் விருப்பத்தால் நேர்ந்ததன்று. பேரரசர் இரண்டாம் யோசப் 1781இல் பிறப்பித்த சகிப்பு ஆணை, கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர்களின் வழிபாட்டிடங்களுக்குக் கோபுரமும் மணியும் வீதியை நோக்கிய வாயிலும் கூடாதென விதித்திருந்தது. யூதர்களின் ஆலயமும் வீதிக்கு முகங்காட்ட இயலவில்லை. வழிபடலாம், ஆனால் தென்படலாகாது என்பதே அச்சகிப்பின் பொருளாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியுரிமை விரிவடையத் தொடங்கியபோது ஆலயங்களும் வெளிப்பட்டன. லுட்விக் ஃபோர்ஸ்டர் என்பவர் வியன்னாவின் லியோபோல்ட்ஸ்டாட் ஆலயத்தையும் (1858), இரட்டைக் கோபுரங்கள் கொண்ட புடாபெஸ்ட் டொஹானி ஆலயத்தையும் (1859) வடிவமைத்தார். பெர்லினில் 1866இல் திறக்கப்பட்ட புதிய ஆலயம் சுமார் 3,200 இருக்கைகளும், ஏறத்தாழ 50 மீற்றர் உயர்ந்த பொன்முலாம் பூசிய குவிமாடமும் கொண்டிருந்தது.

இவ்வாலயங்களின் அழகியல் மொழி அந்தலூஸிலிருந்து பெறப்பட்டது என்பது நமது கவனத்திற்குரியது. அல்ஹம்ராவின் நினைவு பெர்லின் வீதியொன்றில் உயிர்பெற்றது. இஸ்லாமிய ஸ்பெயினில் யூத அறிவு செழித்த காலத்தை அது பெருமையுடன் நினைவூட்டியது. அதே வடிவத்தை யூத எதிர்ப்பாளர்கள், இவர்கள் கிழக்கிலிருந்து வந்த அந்நியரே என்பதற்குச் சான்றாக்கினர்.

1938 நவம்பரில் லியோபோல்ட்ஸ்டாட் ஆலயம் எரிக்கப்பட்டது. மறைந்திருந்த நகர ஆலயம் எரிக்கப்படவில்லை. தீ அண்டை வீடுகளுக்கும் பரவும் என்பதே காரணம். இதிலிருந்து 'மறைவே பாதுகாப்பு' என்னும் படிப்பினையைப் பெறுவோர் உளர். அது பிழையான வாசிப்பாகும். அவ்வாலயத்தின் உட்புறமும் அன்று சூறையாடப்பட்டது. அங்கே வழிபட்டோரை அச்சுவர்கள் காக்கவில்லை. ஒஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டனர். மாறாக, யாவர் கண்ணிலும் படும் பெர்லின் ஆலயத்தில் மூட்டப்பட்ட தீ, பாதுகாக்கப்பட்ட சின்னம் அது எனக் கூறித் தலையிட்ட காவல் அதிகாரியொருவரால் அணைக்கப்பட்டது. பின்னர் 1943இன் குண்டுவீச்சு அதனைச் சிதைத்தது. 1958இல் பிரதான மண்டபம் இடிக்கப்பட்டது. 1995இல் மீண்டும் திறக்கப்பட்ட முகப்பின் பின்னே வெற்றுவெளியே உள்ளது. வியன்னாவின் நகர ஆலயமோ 1981இல் மறுபடியும் தாக்கப்பட்டது. அபூ நிதால் குழுவினர் அங்கே இருவரைக் கொன்றனர். பாலஸ்தீனத்தின் பெயரால் வழிபடுவோரைக் கொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை என்பதை நாம் தயக்கமின்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே ஆபத்து கட்டடத்தின் உயரத்தில் இருக்கவில்லை. அதனைப் பார்த்தவர்களின் உள்ளத்திலேயே இருந்தது. 2009இல் சுவிட்சர்லாந்தில் வாக்களித்தோரில் 57.5 சதவீதத்தினர் புதிய மினாராக்களுக்குத் தடை விதித்தனர். அப்போது அந்நாட்டில் இருந்த மினாராக்கள் நான்கே. பள்ளிவாசல் இருக்கலாம், மினாரா எழலாகாது என்னும் அத்தீர்ப்பில் 1781இன் ஆணை மறுபடியும் ஒலிக்கிறது. நமது மினாராவுக்காக வாதிடும் நாம், பிறரது குவிமாடத்தின் வரலாற்றையும் நமது வழக்கின் முன்னுரையாகக் கற்க வேண்டும். அண்டையில் வாழும் சிறுபான்மையினரின் ஆலயம் வீதியில் தலைநிமிர்ந்து நிற்பதை மனமார ஏற்பவருக்கே அவ்வாதம் அழகாகும்.