காத்திருக்கும் ஊர்

யாசுஹிரோ வாடா கியூஷு தீவின் கிராமப்புறத்தில் வளர்ந்தவர். டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகும் ஊர் நினைவு அவரை விடவில்லை. அந்த நினைவில் முளைத்ததுதான் 1996இல் வந்த 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற வீடியோ விளையாட்டு. அதில் வாள் கிடையாது. பூவாளி, விதை, மாடு, பருவம் மாறும் வயல் ஆகியவையே உண்டு. கட்சுயா எகுச்சியின் கதையும் இதற்கு நெருக்கமானது. நின்டெண்டோவில் சேர்வதற்காகச் சிபாவிலிருந்து கியோட்டோ வந்தவர் அவர். குடும்பமும் நண்பர்களும் அருகில் இல்லாத வெறுமையை அங்கே உணர்ந்தார். 2001இல் ஜப்பானில் வெளியான 'அனிமல் கிராஸிங்' அதிலிருந்து பிறந்தது.

'கோஸி கேம்' எனப்படும் இதமான வீடியோ விளையாட்டுகளின் இரு பெரும் வேர்கள் இவை. இரண்டும் ஊரைப் பிரிந்தவர்களின் ஏக்கத்தில் ஊன்றியவை.

இதம் எதனால் வருகிறது? டேனியல் குக், டான்யா ஷார்ட் உள்ளிட்ட வடிவமைப்பாளர்கள் கூடி எழுதிய ஓர் அறிக்கை மூன்று பண்புகளைச் சொல்கிறது: பாதுகாப்பு, நிறைவு, மென்மை. ஆபத்து நெருங்காது, பசியோ பற்றாக்குறையோ துரத்தாது, ஒளியும் ஓசையும் உறுத்தாது. மென்மைக்குப் பின்னுள்ள உழைப்பு சிறிதன்று. பெட்டிகளைப் பிரித்து வீட்டில் பொருள்களை அடுக்குவதே 'அன்பேக்கிங்' (2021). எந்தப் பொருளை எந்தப் பரப்பில் வைத்தாலும் அதற்கேற்ற ஒலி எழ, 14,000க்கும் மேற்பட்ட ஒலிகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கோப்பையை மரத்தில் வைப்பதும் கல்லில் வைப்பதும் காதுக்கு வேறுவேறாகக் கேட்கும்போது, அந்த வீடு நம் கைக்கு நிஜமாகிறது.

இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: பொறுமை. இதமான விளையாட்டு ஆட்டக்காரருக்காகக் காத்திருக்கிறது. 2020 மார்ச் 20 அன்று, உலகம் வீடடங்கத் தொடங்கிய நாள்களில், 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்' வெளிவந்தது. அதில் டாம் நூக் என்ற பாத்திரம் தரும் வீட்டுக் கடனுக்கு வட்டி இல்லை, கெடுவும் இல்லை. முந்தைய பதிப்பில், நாம் எட்டிப் பார்க்காத நாள்களில் அண்டை வீட்டில் வாழும் விலங்குப் பாத்திரம் ஊரைக் காலி செய்துவிடலாம். இதில் புறப்பட நினைப்பவர் முதலில் நம்மிடம் கேட்கிறார். இந்தச் சிறு மாற்றம், ஆட்டக்காரரின் மனத்திலிருந்த ஒரு பயத்தை அகற்றியது.

எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாளாக உழைத்து 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' இந்தக் கருத்துக்குக் கடுமையான சோதனை. அதில் ஒரு நாள் ஏறத்தாழ 14 நிமிடங்களில் முடிந்துவிடும். விடியற்காலை இரண்டு மணியானால் மயங்கி விழ வேண்டியதுதான். பருவம் மாறினால் அதற்கு ஒவ்வாத பயிர் கருகிவிடும். கடிகாரம் விரட்டுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் மயங்கியவருக்கு மறுநாள் விடிகிறது. கருகிய பயிருக்குரிய பருவம் திரும்பி வருகிறது. விளையாட்டின் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், பண்ணையை நமக்கு விட்டுச்சென்ற தாத்தாவின் ஆவி வந்து நம் உழைப்பை எடைபோடும். அதில் மனம் நிறையாதவர், தாத்தாவின் நினைவிடத்தில் ஒரு வைரத்தை வைத்தால் அவர் மறுபடி எடைபோட வருவார். ஆகவே, தவறுக்கு விலை இருந்தும் விளையாட்டு இதமாக இருக்க முடியும். அந்தத் தவறு இறுதித் தீர்ப்பாகிவிடாமல் இருந்தால் போதும்.

இதமான விளையாட்டில் வலிக்கும் இடமுண்டு. டொராண்டோவின் விசாய் கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. குடும்பத் தலைவி வெண்பாவுக்கு அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்தழிந்தும் கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லி சரியாக வராவிட்டால் மீண்டும் முயலலாம். அடுப்படியில் கிடைக்கும் இந்தச் சலுகை வாழ்க்கையில் வெண்பாவுக்குக் கிடைப்பதில்லை. மகன் கவின் மொழியை விட்டும் அவளை விட்டும் விலகிப் போகிறான். ஆண்டுகள் பல கழித்து அதே குறிப்பேட்டைத் திறந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அவன் சமைக்கத் தொடங்குகிறான். அதுவரை அந்தக் குறிப்பேடு அவனுக்காகக் காத்திருந்தது.